அம்முச்சி போன்ல தீந்துபோன நெட்டு

அம்மணி,

நல்லா இருக்கறயா. நோம்பிக்கு வந்தப்ப கோயில் வாசல்ல அஞ்சு நிமிசம் பேசறதுக்குள்ள உன்ற வூட்டுக்காரரு ஹாரன் அடிச்சு கூட்டிட்டு போயிட்டாரு. உன்ற மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, பதில் போடோணும் போடோணும்னே தள்ளிப்போச்சு, கம்பெனில ஷிப்மெண்ட் டைமு, நான் வூடு வந்து சேரவே எட்டு மணியாகுது. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கறிக்கொழம்பு உண்டுட்டு எல்லாரும் படுத்துக் கெடக்கறாங்க, அதான் ஆசாரத்துல உக்காந்து டைப் பண்றேன், நீளமா போனா திட்டாத.

இங்க பெருசா ஒண்ணுமில்ல. தறி எட்டுல நாலு ஓடுது நாலு நிக்குது. எங்கம்மாவுக்கு முட்டி வலி, மாட்டெல்லாம் வித்தாச்சு, இப்ப எங்கூடத்தான் இருக்குது. கோபி பக்கம் அறுப்பு முடிஞ்சுதா?

நீ கேட்ட விசயத்துக்கு வர்றேன். உன்ற மகளுக்கு போன் வாங்கிக் குடுக்கப் போறோம், லாக் கீக் போடறது எப்படின்னு கேட்டிருந்த. என்ற பையனுக்கு ஒன்பதாவது சேர்ந்தப்ப வாங்குனோம், வேணாம்னு எவ்வளவோ பார்த்தேன், ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப் குரூப்புல வருது, டியூசன் டைம் மாறுனா அதுலதான் வருது, என்ன பண்ண. ஆபீஸ்ல ஒரு பொண்ணுதான் சொல்லுச்சு, கூகுள்ல ஃபேமிலி லிங்க்னு ஒரு ஆப் இருக்குதுக்கா, காசு இல்ல, போட்டுக்கங்கன்னு. நம்ம போன்ல அந்த ஆப்பு, அவன் போன்ல அவனோட ஜிமெயில். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்கு பூட்டோணும், எந்த ஆப்புக்கு எத்தனை நிமிசம்னு எல்லாம் நம்ம போன்ல இருந்தே வைக்கலாம், புதுசா ஆப் இறக்கோணும்னா நமக்கு கேட்டு வரும், நாம சரின்னாத்தான் இறங்கும். பூட்டுனாலும் கால் வந்தா எடுக்கலாம், அது எனக்கு பெரிய நிம்மதி. ஆனா வாட்ஸ்அப்புல யாரோட என்ன பேசறான்னெல்லாம் அதுல தெரியாது, அதுக்காகன்னா வேண்டாம்.

ஒண்ணு கேட்டுக்க. பதிமூணு வயசு தாண்டிட்டா அவங்களும் சம்மதிச்சு அவங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் இதுல சேர்க்கவே முடியும். எனக்கு அது மொதல்ல தெரியாது. என்ற பையன் தூங்கறப்ப நைசா போட்டுரலாம்னு போன எடுத்துட்டு உக்காந்தவ, பாஸ்வேர்டு கேட்டதும் முழிச்சேன் பாரு. அப்புறம் ஸ்கூல்ல எல்லாரும் போடச் சொல்லியிருக்காங்கன்னு ஒரு பொய்யச் சொல்லித்தான் வாங்குனேன். இப்ப நெனச்சா அங்கதான் தப்பு பண்ணிட்டேன்னு தோணுது.

தெனம் ஒரு மணி நேரம், ராத்திரி ஒன்பதுக்கு பூட்டுன்னு என் இஷ்டத்துக்கு வெச்சேன். மொத வாரம் வூடே அமைதி. ரெண்டாவது வாரத்துல இருந்து எனக்கு புதுசா ஒரு வேலை வந்து சேந்துச்சு. டைம் தீந்துபோச்சுன்னா நாம நெனச்சா அன்னைக்கு மட்டும் கூட கொஞ்ச நேரம் போட்டு வுடலாம், அது இவனுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அம்முச்சி, அதான் எங்கம்மா, அது போன்ல இருந்து கூப்புடுவான். அம்மா ஒரு பதினஞ்சு நிமிசம், அம்மா புராஜெக்டு, அம்மா மேட்ச் கடைசி ஓவரு. கம்பெனில சனிக்கெழம பொழுதோட சம்பளம் போடறது எனக்குத்தான், அது உனக்குத் தெரியும்ல, டெய்லருங்க அம்பது பேரு வரிசைல நிக்கறாங்க, நான் கவர்ல பேரு பாத்து நோட்டு எண்ணி வெச்சுட்டிருக்கறேன், டிங்னு ஒரு சத்தம், ஏதோ ஒரு கேமுக்கு பர்மிசன் கேட்டு வந்திருக்குது, அடுத்த நிமிசம் எங்கம்மா நம்பர்ல இருந்து போனு. எண்ணுன நோட்டு மறந்துபோச்சு, மறுபடி மொதல்ல இருந்து. அன்னைக்கு ஒரு கவர்ல ஐநூறு கூடப் போயிருச்சு, அந்த அக்கா திருப்பிக் கொண்டாந்து குடுத்துச்சு, இல்லீன்னா என் கைல இருந்துதான் கட்டியிருக்கோணும். போனப் பூட்டுனது அவனுக்கா எனக்கான்னே தெரியல அம்மணி.

கூத்து என்னன்னா, எங்கிட்ட டைம் கேக்கறதுக்குன்னு அம்முச்சி போன எடுத்து எடுத்து அது அவன் கைக்கே பழகிப்போச்சு. அதுல பூட்டும் இல்ல, பின் நம்பரும் இல்ல.

எங்கம்மா வெள்ளென எந்திரிச்சு அடுப்படில சாமி பாட்டு போட்டுட்டுத்தான் காப்பி வெக்கும். ஒரு மூணு நாலு நாளா, ‘ஏங்கண்ணு, நெட்டு ஓடமாட்டீங்குது, சுத்திக்கிட்டே கெடக்குது’ன்னு சொல்லுச்சு. நான் கண்டுக்கல, டவர் இருக்காதும்மான்னு சொல்லிட்டு போயிட்டேன். ஒரு நாள் மெசேஜ எடுத்துப் பாத்தா தெனத்துக்கான ஒன்றரை ஜிபி காலியாயிருச்சுன்னு வந்திருக்குது. எத்தனை மணிக்கு? விடியக்காலம் நாலரைக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தானே புது நெட்டு வரும், எங்கம்மா ஒன்பதுக்கே குறட்டை. அப்ப பன்னெண்டுல இருந்து நாலரைக்குள்ள ஒன்றரை ஜிபியை உண்டது யாரு? அடுப்புல பால் பொங்கி வழியறது கூடத் தெரியாம அந்த மெசேஜவே பாத்துட்டு நின்னேன். நாலு நாளா கண்ணெல்லாம் செவந்து ஸ்கூலுக்கு போயிட்டிருந்தவன, ராத்திரி படிக்கறான் பாவம்னு தலைல எண்ணெய் வெச்சு வுட்டவ நானு.

எங்கம்மாகிட்ட கேட்டா, ‘பேரன் சாமி ஏதோ பாடம் பாக்கறேன்னு கேட்டுச்சு, குடுத்தேன்’னு சொல்லுது. அது என்ன பண்ணும்.

எங்க வூட்டுக்காரரு பெல்ட்ட எடுக்கப் போயிட்டாரு. ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்கு கீழ இருந்தா இன்ஸ்டா மாதிரி எதுலயும் அக்கவுண்டே வெச்சுக்கக் கூடாதுன்னு 2025 டிசம்பர் 10ல இருந்து சட்டமே போட்டுட்டான், இங்கயும் போட்டாத்தான் திருந்தும்னு சத்தம் போட்டாரு. அங்கயும் அம்முச்சிங்க இருப்பாங்கல்லன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் முறைச்சுட்டு அவரே சிரிச்சுட்டாரு. அதுல சண்டை ஆறுச்சு.

இந்த இன்ஸ்டாவையும் சொல்லிடறேன். பதினெட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு டீன் அக்கவுண்ட்னு 2024ல கொண்டாந்தாங்க, நம்ம ஊருக்கு அடுத்த வருசம் வந்துச்சு. தெரியாதவங்க மெசேஜ் போட முடியாது, ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் நோட்டிபிகேசன் வராது, 16க்கு கீழன்னா இதையெல்லாம் தளர்த்தறதுக்கு நம்ம சம்மதம் வேணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா என்ற பையன் அக்கவுண்டுக்கு இது எதுவுமே இல்ல. என்னன்னு பாத்தா பொறந்த வருசம் 2001னு போட்டிருக்கறான். நல்லவேளை பொண்ணு பாக்கச் சொல்லல. அந்த அக்கவுண்ட அழிச்சுட்டு நெசமான தேதில புதுசு தொடங்க வெச்சோம், இருநூத்திச் சொச்சம் ஃபாலோயர் போச்சுன்னு ரெண்டு நாள் சோறு உண்கல. நீ மொதல்லயே நீயே பக்கத்துல உக்காந்து தேதி போடு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம அவனையும் வெச்சுட்டு அத்தனை செட்டிங்கையும் மறுபடி போட்டோம். அந்த ஸ்கூல் பொய்யையும் ஒத்துக்கிட்டேன், தெரியும்மான்னு சொன்னான், எகத்தாளம். அவன் கேட்டது ஒண்ணும் அநியாயமில்ல. ஸ்கூல் குரூப்புக்கு வாட்ஸ்அப் எப்பவும் ஓடோணும், அதை எப்பவும் அனுமதின்னு வெச்சுட்டேன். வெள்ளிக்கெழமயும் சனிக்கெழமயும் பத்தரை வரைக்கும் வேணும்னான், சரின்னேன், மத்த நாள் ஒன்பதரை. கேமுக்கு நாப்பது நிமிசம், இன்ஸ்டாவுக்கு முப்பது. எங்கிட்ட கூடக் கேக்கறது வாரத்துக்கு ரெண்டு தடவைதான், கம்பெனி நேரத்துல கேக்கக் கூடாது. அப்புறம் அவன் ஒரு கண்டிசன் போட்டான் பாரு, பூட்டற நேரத்துக்கு மேல எல்லாரோட போனும் ஆசாரத்து அலமாரில, சார்ஜரும் அங்கயேன்னு. தறி குடோன்ல இருந்து போன் வந்தா எந்திரிச்சு வந்து எடுக்கோணுமான்னு எங்க வூட்டுக்காரரு மொணகுனாரு, வேற வழியில்ல. எங்கம்மா போனுக்கும் பின் போட்டாச்சு, அதை அது தெனம் மறந்துபோயி எங்கிட்ட கேக்குது, அது தனித் தலவலி.

இப்ப மூணு மாசமாச்சு. முழுசா சரியாயிருச்சுன்னு சொல்லமாட்டேன், போன்ல டைம் தீந்தா டிவில யூடியூப் போட்டுடறான், அதுக்கு இன்னும் வழி பண்ணல. ஆனா கண்ணு செவக்கல, என்ற போனும் சனிக்கெழம டிங்குங்கறதில்ல.

இன்னொண்ணு, வெளிய யாருகிட்டயும் சொல்லீராத. இதுல அவன் எங்க இருக்கறான்னு மேப்புல தெரியும், அவனுக்கும் அது தெரியும். போன வாரம் டியூசன் நேரத்துல புள்ளி பல்லடம் ரோட்டு பேக்கரில நின்னுட்டே இருந்துச்சு, அரை மணி நேரம். வூட்டுக்கு வந்து டியூசன்ல லேட்டாயிருச்சும்மான்னான், வாயோரத்துல தேங்காபன்னு துணுக்கு ஒட்டியிருக்குது. நான் ஒண்ணும் கேக்கல. நாம ஸ்பெசல் கிளாசுன்னு சொல்லிட்டு எங்கெங்க போயிருக்கறோம்னு உனக்குத் தெரியாததா. கேட்டிருக்கோணுமா? உனக்கு என்ன தோணுதுன்னு எழுது.

போன் வாங்கற அன்னைக்கு கூப்புடு, செட்டிங் போடறப்ப நான் லைன்ல இருக்கறேன், மகளையும் பக்கத்துல வெச்சுக்க. அடுத்த மாசம் இந்தப் பக்கம் வந்தீன்னா உங்க மாமியா அரைக்கற அரப்புத்தூள் ஒரு அரைக்கிலோ கொண்டா, இங்க கடைல விக்கறது வெறும் மண்ணாட்டம் இருக்குது.