வசூல் பிரிவு அதிகாரிகளே, ஒரு கடிதம் கொடுங்கள்

சென்னை வங்கிகளில் வாராக்கடன் வசூலைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

பெரம்பூரில் ஒரு பழைய அபார்ட்மென்ட் வீடு. கடை நொடித்து, தவணை நின்று, ஓனருக்கு சர்ஃபாசி சட்டத்தின் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ் வந்துவிட்டது. பாக்கியைக் கட்ட அதில் கொடுத்த 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தபோது புரோக்கர் என்னை அங்கே கூட்டிப்போனார். வங்கிக்குப் பாக்கி 31 லட்சம். 46 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். எனக்கு முன்னால் வந்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்களாம். “கதவுல நோட்டீஸ் ஒட்டுறதுக்குள்ள முடிச்சுடுங்க தம்பி” என்றார் ஓனர்.

நோட்டீஸ் வந்த பிறகு உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் வீட்டை விற்க முடியாது. 13(13) அப்படித்தான் சொல்கிறது. சரி, கேட்போம் என்று அவருடைய கிளைக்குப் போனோம். “முழுப் பணத்தையும் கட்டுங்க, பத்திரம் அப்புறம் வரும்” என்றார்கள்.

யார் கட்டுவது? பணம் இருந்தால் அவர் ஏன் விற்கிறார்? எனக்குக் கடன் தரும் வங்கியோ, அசல் பத்திரம் என்றைக்கு யார் கைக்கு வரும் என்று எழுத்தில் கேட்கிறது. கடன் அடைந்த 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரம் போவது கடன் வாங்கியவர் கைக்கு. அடுத்தவர் கணக்கில் 31 லட்சம் கட்டிய பிறகு அவர் மனம் மாறினால் நான் எங்கே போய் நிற்பது?

நான் கேட்பது ஒரே கடிதம். இன்ன தேதி வரை வட்டியோடு இவ்வளவு பாக்கி, விற்கச் சம்மதம், பணம் வந்த அன்றே எங்கள் ஆள் அசல் பத்திரத்தோடு சார்பதிவாளர் அலுவலகம் வந்து அடமானம் தீர்ந்ததாக ரசீது எழுதிக்கொடுப்பார். ஒழுங்காகத் தவணை கட்டுபவர் கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது பாக்கித் தொகையையும் ஆவணப் பட்டியலையும் எழுதித் தருகிறீர்கள்தானே? தவணை தவறியவருக்கு மட்டும் ஏன் இல்லை?

ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்றும் சொல்லாதீர்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்று விளம்பரம், உள்ளே ஆள் குடியிருக்க சாவி கையில் இல்லாத சுவாதீனம், ஏலத்தொகையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஏலம் கேட்பவர் விலையைக் குறைக்கிறார்.

சர்ஃபாசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியானதும் பணம் கட்டி வீட்டை மீட்கும் உரிமை போய்விடுகிறது. “அடுத்த வாரம் வாங்க” என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாரமும் அவருடைய கணக்கில்தான் கழிகிறது. நாங்கள் இதுவரை நான்கு முறை வந்துவிட்டோம்.

அட்வான்ஸ் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “பேங்க் லெட்டர் வரட்டும் தம்பி, அப்புறம் வாங்கிக்கிறேன்.”