திருக்கை வாலால் வேட்டையாடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடல் கட்டுரையில், திருக்கை விஷ வாலால் இரையைக் குத்திக் கொன்று தின்னும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. இரண்டு நாளாக அது மனசை விட்டுப் போகவில்லை. வால் முள் தற்காப்புக்கு மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி விட்டீர்கள்?

நான் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்தவன். நாற்பது வருடமாகத் திருக்கை வயிற்றைக் கீறிப் பார்த்திருக்கிறேன். இறால், நண்டுக்கால், மட்டி, புழு, எப்போதாவது ஒரு சின்ன மீன். ஓடெல்லாம் சல்லி சல்லியாகக் கிடக்கும். அது குத்தியதல்ல ஐயா, அரைத்தது. அதன் தாடையை ஒருமுறை தடவிப் பாருங்கள், வரிசை வரிசையான சப்பைப் பற்கள் அரம் மாதிரி சொரசொரக்கும்.

அதற்குக் கண் முதுகில், வாய் வயிற்றுப் பக்கம். தான் தின்பதை அதனால் பார்க்கவே முடியாது. மணலுக்குள் ஒளிந்திருக்கும் உயிரின் மெல்லிய மின்துடிப்பை வாயைச் சுற்றியுள்ள நுண்துளைகள் கண்டுபிடித்துக் கொடுக்கின்றன. அந்தத் துளைகளை இத்தாலிய மருத்துவர் லொரென்சினி 1678இலேயே விவரித்துவிட்டார். கல்மைன் என்ற ஆய்வாளர் மணலில் மின்முனைகளைப் புதைத்து வைத்தபோது, சுறாவும் திருக்கையும் அவற்றையே இரையென்று நினைத்துப் பாய்ந்தன. அந்த ஆய்வு 1971இல் வெளிவந்தது. இவ்வளவு அருமையான விஷயம் இருக்க, வாலைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டுமா?

ஒருநாள் விடியற்காலை முழங்காலளவு தண்ணீரில் நின்று பார்த்தேன். ஒரு திருக்கை மணலில் அப்படியே அமர்ந்து, உடம்பின் ஓரங்களைப் படபடவென்று அடித்தது. புழுதி மாதிரி மணல் கிளம்பியது. சிந்துவதைப் பொறுக்கப் பொடிமீன்கள் சுற்றி வந்தன. அது நகர்ந்த பிறகு பார்த்தால் தட்டு அகலத்துக்கு ஒரு குழி, அதில் நண்டோட்டுத் துண்டுகள்.

இது முதல் தடவையும் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் திருக்கையின் அடிப்பக்கப் படத்தைப் போட்டு, 'சிரிக்கும் கண்கள்' என்று எழுதினீர்கள். அவை கண்கள் அல்ல, மூக்குத் துவாரங்கள். அப்போதும் கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. அப்புறம் ஒரு துணுக்கில் திருக்கை சேற்றைத் தின்று வாழும் என்றீர்கள். அதற்கும் எழுதினேன். போன வாரம் என் பேத்தி, "தாத்தா, புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே" என்றபோது எனக்கு வாயடைத்துப் போனது. கடலில் பார்த்ததைவிட உங்கள் அச்சுதான் அவளுக்குப் பெரிது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். சின்ன எழுத்தில், கடைசிப் பக்கத்தில் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்