பிணத்துக்கு ஆள் வேண்டும்

ராயபுரம்,
ஞாயிறு இரவு

டேய் பின்னங்கால்,

எட்டு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி சுகம். கேரம்போர்டு மாமா கடையை மூடிவிட்டு மகளோடு மணலிக்குப் போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். புது நாடகம் போடுகிறோம். காசிமேட்டில் ஒரு சாவு வீடு. பிணத்தை நடுவில் போட்டுவிட்டு விசைப்படகுப் பங்குக்காக மூன்று பிள்ளைகளும் அடித்துக்கொள்கிறார்கள். ஒப்பாரி உண்டு, மரண கானா உண்டு, பாடுவதற்கு ஆள் வரிசையில் நிற்கிறது. 40 நிமிஷம் சும்மா படுத்துக்கிடக்க ஒருத்தன் கிடைக்கவில்லை.

நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகளே எமன் வேஷமும் சனீஸ்வரன் வேஷமும் கட்டியவர்தான். எமனுக்கு இன்றைக்கும் நான் நீ என்று வருவார்கள். பிணமென்றால் ஓட்டம். முதலில் பிடித்த பையனின் அம்மா நேரே வந்து ஒரே கேள்வி கேட்டாள்: "கடைசில எழுந்துப்பானா?" அரிச்சந்திரன் நாடகத்து மயான காண்டத்தில் லோகிதாசன் எழுந்துவிடுகிறான், சத்தியவானும் எழுந்துவிடுகிறான். நம்ம ஆள் எழ மாட்டான். மறுநாளிலிருந்து பையனுக்கு ஜுரம்.

அடுத்தவர் ஹார்பரில் ரிட்டயர் ஆனவர், பயமில்லாத மனுஷன். "ஔவையாரா நடிச்சு டி.கே.சண்முகம் 'ஔவை' சண்முகம் ஆனாரு. எனக்கு இன்னா பட்டம் குடுப்பீங்க?" என்றார். படுத்த பத்தாவது நிமிஷம் குறட்டை. ஒப்பாரி வைத்த பெண்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

லேசான வேஷம் இல்லைடா அது. மூச்சு மார்பில் ஏறக் கூடாது, வயிற்றோடு மெல்ல விட வேண்டும். மாலை கிடப்பதால் கொஞ்சம் மறையும். நெற்றியில் சந்தனம் வைத்து ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு வேர்வையில் நழுவி மூக்குக்கு வரும். லைட் பட்டால் மூடிய இமையும் துடிக்கும். கொசுவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் காட்டத்தான் நேற்று நானே பெஞ்சில் படுத்தேன். தாடையைச் சுற்றிக் கட்டினார்கள், சரி. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதும் உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்பாவுக்கு நீதான் கட்டினாய். துணி கிடைக்காமல் உன் கர்ச்சீப்பைக் கிழித்தாய். "இறுக்காதடா" என்று நான் கத்தினேன். பதினோரு வருஷம் ஆகிறது. ஒத்திகையில் ஒருத்தரும் பேசவில்லை. டீ வாங்கிவரச் சொன்னேன்.

என்னால் முடியாததை இன்னொருத்தனிடம் எப்படிக் கேட்பது? முடிச்சே வேண்டாம் என்கிறார்கள். எடுத்தால் நம்ம ஜனம் முதல் வரிசையிலிருந்தே கேட்கும்: "இன்னாபா, கால் கட்டலியா?"

அடுத்த மாசம் லீவில் வருகிறாய்தானே? ஸ்கூல் ஆண்டுவிழாவில் என் இடுப்பைப் பிடித்துக் குனிந்தபடி அரைமணி நேரம் சாக்குக்குள் நின்றவன் நீ. உனக்குப் படுப்பதற்கு என்ன? வசனமும் கிடையாது, நடுவில் மறந்து முழிக்க. முடிச்சை நான் போடுகிறேன், தளர்வாகவே போடுகிறேன்.

வீட்டில் மட்டும் என்ன வேஷம் என்று சொல்லாதே. குடும்பத்துப் பெரியவர் என்று சொல்.

முன்னங்கால்