பேத்தி தூங்கும் அறைக்கு ஒரு கீபோர்டு

அன்புள்ள முருகேசா,

தாத்தா ஆகிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்று எழுதியிருந்தது பெரிய நிம்மதி. மூன்றாம் மாதம் வரைக்கும் மகள் உன் வீட்டில்தான் இருப்பாள், கூடத்தில்தான் தொட்டில், உன் மேசையும் அங்கேதான், பிழை திருத்தும் வேலையோ இரவில்தான் ஓடும். சத்தம் வராத, தட்டையான மெக்கானிக்கல் கீபோர்டுக்கு எந்த ஸ்விட்ச் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், சத்தம் அதைப் பொறுத்ததுதான். இதில் நான் ஒரு தடவை தவறாக வாங்கி, அப்புறம் சரிசெய்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அம்மா பக்கத்துக் கட்டிலில் படுப்பது உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளை ஸ்விட்ச் போட்ட ஒரு தட்டைக் கீபோர்டு வாங்கினேன். வெள்ளை என்றால் ‘கிளிக்கி’ வகை. ஒவ்வோர் அழுத்தலுக்கும் உள்ளே ஒரு சிறு கம்பி சுண்டி ‘டிக்’ என்று ஒலிக்கும். முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, “யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்ப் பார்” என்றார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

கடையில் கேட்டால், “சிவப்பு வாங்குங்கள், அது சத்தம் போடாது” என்பார்கள். அது பாதிதான் உண்மை. சிவப்பு ‘லீனியர்’. நடுவில் தடை இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு ‘டாக்டைல்’. பாதி வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். இரண்டிலும் ‘டிக்’ கிடையாது என்பது சரிதான். ஆனால் ஒரு விசையை அழுத்தினால் சத்தம் இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஸ்விட்ச்சுக்குள் இறங்கி ஏறும் தண்டு அடித்தட்டில் மோதும்போது ஒன்று, விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளி மேல்மூடியில் மோதவிடும்போது இன்னொன்று. தூங்குகிறவர்களை எழுப்புவது இந்த இரண்டும்தான்.

தட்டைக் கீபோர்டில் இது இன்னும் முக்கியம். உயரமான சாதாரண ஸ்விட்ச் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரில் எழுத்து பதியும். கைல் நிறுவனத்தின் ‘சாக்’ என்ற தட்டை ஸ்விட்ச் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும், ஒன்றரையில் பதியும். பதிந்த பிறகு மிச்சம் ஒன்றரை மில்லிமீட்டர். நம்மைப் போல லோயர், ஹையர் என்று டைப்ரைட்டிங் மெஷினில் அடித்துப் பழகிய விரல் அதற்குள் நிற்குமா? நேராக அடியில் போய் மோதித்தான் திரும்பும். அந்த இன்ஸ்டிட்யூட் மாடியில் சாயங்கால வகுப்பில் எல்லா மெஷினும் ஒன்றாக அடிக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த விரல்களைத்தான் நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

ஆகவே நீ தேட வேண்டியது ‘சைலன்ட்’ என்று பெயரிலேயே வரும் ஸ்விட்ச். ஒன்றைப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தண்டின் ஓரங்களில் மேலும் கீழும் எள்ளளவு ரப்பர் துணுக்குகள். இறங்கும்போது கீழ்த்துணுக்கு மோதுகிறது, ஏறும்போது மேல்துணுக்கு. காதருகே வைத்து அழுத்தினால் ‘டக்’ இல்லை, தலையணையில் விரல் வைத்ததுபோல ஒரு ‘தப்’. எழுத்து பொறித்த தொப்பியான கீகேப்புக்கு அடியில் ரப்பர் வளையம் மாட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கீழே மோதும் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும், மேலே திரும்பும் சத்தம் அப்படியே இருக்கும். தட்டைக் கீகேப்பில் பெரும்பாலும் அதற்கு இடமும் இருக்காது.

இதில் ஒரு குறை உண்டு. ரப்பர் கொஞ்சம் தூரத்தைத் தின்றுவிடும். செர்ரி நிறுவனத்தின் உயரமான ‘சைலன்ட் ரெட்’ 4 மில்லிமீட்டருக்குப் பதில் 3.7தான் இறங்கும். மொத்தமே 3 மில்லிமீட்டர் உள்ள இடத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும். கடைசியில் விரல் ஊறிய கடலையில் அமுங்குவதுபோல மெத்தென்று நிற்கும். முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது வேறெதுவும் பிடிப்பதில்லை.

அப்புறம் கனம். சாக் வகையில் சாதாரணச் சிவப்புக்கு 50 கிராம் அழுத்தம் வேண்டும், ‘ப்ரோ ரெட்’டுக்கு 35 போதும். சைலன்ட் வகையிலும் மிக லேசானவை உண்டு. லேசானது நல்லது என்று தோன்றும். ஆனால் நம் விரல் அதன்மேல் ஓய்வாக இருந்தாலே எழுத்து விழுந்துவிடும், அடியிலும் வேகமாக மோதும். உனக்கு 45, 50 கிராமுக்குக் குறையாமல் எடு. மேடு உள்ள சைலன்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, ‘பதிந்துவிட்டது’ என்று விரலுக்குச் சொல்லிவிடும். கைலின் ‘டீப் சீ சைலன்ட்’ வரிசையைப் பார்.

இறக்கம் குறைவது தமிழுக்கு ஒரு விதத்தில் சௌகரியம். நீயும் தமிழ் 99 என்ற விசை அமைப்பில்தானே அடிக்கிறாய்? ‘அம்மா’ என்று அடிக்க மகரத்தை இரண்டு முறை தட்டுகிறோம், முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. ‘எனக்கு’, ‘பாட்டு’, ‘எல்லாம்’ என்று இரட்டைத் தட்டல் வராத வரி நமக்கு அபூர்வம். ஒரே விசையை மறுபடி தட்ட அது பாதியாவது மேலே வந்தாக வேண்டும். ஏறி இறங்கும் தூரம் குறைந்தால் இரண்டாவது தட்டு அலுப்பில்லாமல் விழுகிறது. மாலையில் மணிக்கட்டு வலி எனக்குக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

வாங்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் பார். தட்டை ஸ்விட்ச்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. சாக் முதல் பதிப்பின் தண்டில் கீகேப்புக்கு இரண்டு சிறு துளைகள், இரண்டாம் பதிப்பில் கூட்டல் குறி வடிவம். ஒன்றின் கீகேப் மற்றதில் ஏறாது. கேட்ரான் என்ற இன்னொரு நிறுவனத்தின் தட்டை ஸ்விட்ச்சுக்கு அடியிலுள்ள செப்புக் கால் ஊன்றும் இடமே வேறு. உன் கீபோர்டு எதை ஏற்கும் என்று அதன் குறிப்பில் படித்துவிட்டு, பற்றவைக்காமல் பிடுங்கி மாற்றும் ரகம்தானா என்றும் உறுதிசெய்துகொள். பொருத்தும்போது செப்புக் கால்கள் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செருகு. வளைந்தால் மடங்கி உள்ளே போய்விடும்.

ஸ்விட்ச் மாற்றியும் ஸ்பேஸ் பார் மட்டும் கடகடக்கும். அதன் அடியில் நீளக் கம்பி ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பி நுனிகளில் கொஞ்சம் கிரீஸ் தடவு. மேசைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் கனமான ஒரு துணி விரி. உன்னுடையது இரும்பு மேசை என்று ஞாபகம். அது மேளம் மாதிரி சத்தத்தைப் பெருக்கும்.

என்னிடம் மிச்சமுள்ள சைலன்ட் ஸ்விட்ச்களில் ஐந்தை இத்துடன் அனுப்புகிறேன். பகலில் அழுத்திப் பார்க்காதே. இரவு பேத்தி தூங்கியதும் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திப் பார், அப்போதுதான் தெரியும். அவளுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? அம்மா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
சேகர்