ஷிகோகு நடைப்பயணம்: உபசாரம் உண்டு, ஆனால் இலவசப் பயணம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் ஷிகோகு தீவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். 88 பௌத்தக் கோவில்களைச் சுற்றிவரும் யாத்திரை, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடை, வழி நெடுக ஊரார் உபசரிப்பு என்பதெல்லாம் சரிதான். ஆனால் கையில் காசில்லாமலே சுற்றி வந்துவிடலாம் என்று எழுதியிருந்ததை நம்பி வேலூரிலிருந்து யாராவது கிளம்பினால், விசா விண்ணப்பத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். தப்பித் தவறிப் போய்ச் சேர்ந்தாலும் சில நாளில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாரமாகிவிடுவார்கள். அந்தப் பாதையை அறிந்தவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

அங்கே நடைப் பயணிக்கு ஊரார் தருவதற்கு ‘ஒசெத்தாய்’ என்று பெயர். திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்தன்று நடப்பவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் மோரும் சாதமும் கொடுப்பதைப் போன்றதுதான். கோபோ தாய்ஷி என்று வணங்கப்படும் குகாய் துறவி (774–835) ஒவ்வொரு பயணியோடும் கூட நடக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. நமக்குத் தரும் ஆரஞ்சுப் பழம் அவருக்கும் சேர்த்துத்தான். ஆகவே கொடுப்பதை மறுக்கக் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். காரில் ஏறிக்கொள்ளச் சொன்னால் மட்டும், முழுக்க நடப்பதாக வேண்டுதல் என்று பணிவாகச் சொல்லி விலகலாம், வருத்தப்பட மாட்டார்கள். சிலர் நூறு யென் நாணயத்தைக் கையில் வைத்து அழுத்துவார்கள். அதை அடுத்த கோவில் உண்டியலில் அவர்கள் பெயரால் போட்டுவிடுவது நல்லது.

வாங்கிக்கொண்டு சும்மா வரக் கூடாது. ‘ஒசாமெஃபுதா’ என்ற பெயர்ச் சீட்டு ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். முதல் முறை வருபவருக்கு வெள்ளைச் சீட்டு. பெயர், ஊர், தேதி, வேண்டுதல் எழுதி, முந்தின இரவே பத்துப் பன்னிரண்டு தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். மழையில் நின்று எழுத முடியாது. முகவரியில் வேலூர், இந்தியா என்பது போதும், கதவு எண் வேண்டாம். ஒவ்வொரு கோவிலிலும் மூலச் சன்னதியில் ஒன்று, தாய்ஷி சன்னதியில் ஒன்று போடுவதால் 88 கோவிலுக்கு அதிலேயே 176 சீட்டு போய்விடும். முதல் கோவிலான ரியோசென்ஜியின் கடையிலேயே கட்டாக வாங்கலாம். வெள்ளை மேலாடையும் கைத்தடியும் அங்கேயே கிடைக்கும். இவை வேஷத்துக்கல்ல. இவற்றைப் பார்த்துத்தான் ஊரார் நம்மைப் பயணி என்று அடையாளம் கண்டு அணுகுவார்கள். வெறும் டி-ஷர்ட்டும் முதுகுப் பையுமாகப் போனால் மலையேற வந்தவர் என்று விட்டுவிடுவார்கள்.

படுக்கைதான் பெரிய சிக்கல். ஊரார் இலவசமாகவோ சொற்பத் தொகைக்கோ தரும் ‘ஸென்கோன்யாதோ’ அறைகள் உண்டு. சில கோவில்களில் ‘ட்சுயாதோ’ என்ற வெறும் அறை உண்டு. பெரும்பாலும் போர்வை கிடையாது, சாப்பாடு கிடையாது, தூக்கப் பை நம்முடையது. இவற்றை நடத்துகிறவர்களில் பலர் முதியவர்கள். குப்பையைப் போட்டுவிட்டுப் போவது, இரண்டு மூன்று நாள் டேரா போடுவது, நடு இரவில் வந்து கதவைத் தட்டுவது என்ற தொல்லைகளால் மூடிவிட்டவையும் உண்டு. பழைய பட்டியலை நம்பி 30 கிலோமீட்டர் நடந்துபோய்ப் பூட்டிய கதவைப் பார்க்க நேரும். எனவே முந்தின நாளே விசாரிக்க வேண்டும், ஓரிரவுக்கு மேல் தங்கக் கூடாது. அனுமதி கேட்காமல் கோவில் வளாகத்தில் படுப்பது கூடவே கூடாது. தனியாகப் போகும் பெண்கள் இந்தப் பொது அறைகளைக் கணக்கில் சேர்க்காமல், ‘மின்ஷுகு’ எனப்படும் குடும்ப விடுதிகளையே நம்பித் திட்டமிடுவது நல்லது.

மின்ஷுகுவில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து 7,000 முதல் 9,000 யென் ஆகும். நம் பணத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 5,000 ரூபாய். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால், இன்றிரவு தங்கும் விடுதி அம்மாவிடமே நாளைய விடுதிக்குப் பேசச் சொல்லலாம், தயங்காமல் செய்வார். மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வாசலில் தடியின் நுனியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளியல் தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. வெளியே சோப்புப் போட்டுக் குளித்த பிறகே இறங்க வேண்டும். வர முடியாமல் போனால் கட்டாயம் போன் செய்யுங்கள், உங்களுக்கென்று சமைத்து வைத்திருப்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வெளிநாட்டு நோயாளிகளிடம் பாஸ்போர்ட் நகல் வாங்குகிறார்கள் அல்லவா, அங்கும் விடுதிக்காரர் வாங்குவார். தெருவில் நடக்கும்போதும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இனி விசா. சுற்றுலா விண்ணப்பத்தோடு நாள்வாரிப் பயணத் திட்டமும், எந்தத் தேதியில் எங்கே தங்குகிறோம் என்ற விவரமும், வங்கிக் கணக்கு விவரமும் கொடுக்க வேண்டும். ‘யார் இடம் கொடுக்கிறார்களோ அங்கே’ என்று எழுத முடியாது. முழுச் சுற்று நடக்க 40 முதல் 50 நாள் ஆகும். முதல் விண்ணப்பத்திலேயே அத்தனை நாள் கேட்பதைவிட, தொகுசிமா மாவட்டத்தின் முதல் 23 கோவில்களை மட்டும் பத்து நாளில் முடித்து வருவது புத்திசாலித்தனம். ஜப்பானியர்களே பலர் இப்படித் துண்டு துண்டாகத்தான் முடிக்கிறார்கள், குறைவாக யாரும் நினைப்பதில்லை. கோவில்களும் அங்கே நெருக்கமாக உள்ளன. அடுத்த மாவட்டமான கோச்சிக்குப் போகும் வழியில், 23ஆம் கோவிலுக்கும் 24ஆம் கோவிலுக்கும் நடுவே மட்டும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடலோரச் சாலை.

உடம்பைப் பழக்காமல் போகாதீர்கள். அங்கே ஒரு நாள் நடை 20 முதல் 25 கிலோமீட்டர், அதாவது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஏறத்தாழ ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் சுற்று, முதுகில் 7 கிலோ பையோடு, மறுநாளும் அதே. 11ஆம் கோவிலிலிருந்து 12ஆம் கோவிலுக்கு மலைவழியாகப் போகவே ஆறேழு மணி நேரம் பிடிக்கும். சோளிங்கரில் ரோப் கார் வந்துவிட்டது என்றாலும், இதற்காகவாவது 1,305 படிகளைப் பையோடு ஏறிப் பாருங்கள். பாதையின் பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால் முதல் வாரத்திலேயே பாதம் கொப்பளித்துத் திரும்புகிறவர்கள் பலர். ஆம்பூரில் நல்ல தோல் ஷூ கிடைக்கும்தான், இதற்கு ஆகாது; நனைந்தால் கனக்கும், காயாது. துணி மேற்புறம் கொண்ட நடை ஷூவை வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக வாங்கி, பருத்திக் காலுறையைத் தவிர்த்து, இங்கேயே நூறு கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள். நீண்ட சுரங்கச் சாலைகளில் நடைபாதை இல்லாத இடங்கள் உண்டு; பையில் ஒளிர் பட்டையும் கையில் டார்ச்சும் வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உதோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப் எல்லாவற்றிலும் பெரும்பாலும் காய்ந்த மீனைக் கொதிக்கவைத்த ‘தாஷி’ சாறு இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் வரும். மீனும் மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். 24 மணி நேரக் கடைகளில் சமைத்த சோற்றுப் பொட்டலம் வாங்கினால் சூடாக்கித் தருவார்கள். வீட்டுப் பருப்புப் பொடி இருந்தால் ஒரு வேளை தீர்ந்தது. மாத்திரையில் கவனம்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்துகளைக் கொண்டுபோகத் தடை உண்டு.

பயணி கொண்டுபோகும் முத்திரைப் புத்தகத்தில் கோவிலார் எழுதி முத்திரையிட ஒரு கோவிலுக்கு 500 யென். 88க்கும் சேர்த்தால் 44,000 யென். முத்திரையிடும் அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும், ஐந்து நிமிடம் தாமதித்தாலும் மறுநாள் காலைதான். மலையோரச் சிற்றூர்களில் ரொக்கம்தான் செல்லும். நம் வங்கி அட்டை எடுபடாத ஏ.டி.எம்.கள் உண்டு, தபால் அலுவலக ஏ.டி.எம்.மிலும் செவன்-இலெவன் கடைகளிலும் பணம் வரும்.

மார்ச் பின்பாதியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பரும் நடக்க ஏற்ற காலம். ஜூன் மழை, கோடை வெக்கை, செப்டம்பர் வரை புயல். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அந்நாட்டில் தொடர் விடுமுறை. அந்த வாரத்தில் விடுதி கிடைப்பது அரிது. பங்குனி உத்திரம் முடித்துக் கிளம்ப நினைப்பவர்கள் திரும்பும் தேதியை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நடைப்பயணத்தில் ஆர்வமுள்ள வாசகர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.