மூடுபனி மாதங்களில் கோல்ஃப்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் போதும், எங்கள் கோல்ஃப் கடைக்கு வரும் போன்கள் இரண்டே வகை. ஒன்று, அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைப் பற்றி: "டிரைவர் முன்ன மாதிரி தூரம் போகமாட்டேங்குது, புதுசா என்ன வந்திருக்கு?" இன்னொன்று: "பையைக் கட்டிப் பரண்ல போட்டாச்சு, ஹோலிக்கு அப்புறம் பார்க்கலாம்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். முதல் வகைக்காரர்களுக்குச் சுருக்கமான பதில், ஜனவரியில் டிரைவர் வாங்காதீர்கள். இரண்டாம் வகைக்காரர்களுக்கு, பையைப் பரணிலிருந்து இறக்குங்கள். விற்கிற கடையே வாங்காதே என்கிறதே என்று யோசிக்க வேண்டாம். ஜனவரியில் வாங்கிய டிரைவரை ஏப்ரலில் "இது சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தால் கஷ்டம் எங்களுக்கும்தான்.

முதலில் தூரம். தில்லியில் மே மாதப் பிற்பகல் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தொடும். ஜனவரி காலையில் 8 டிகிரி இருந்தாலே பெரிது. இந்த இரண்டுக்கும் நடுவில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அடர்த்தியான காற்றில் பந்துக்கு இழுவை அதிகம், சீக்கிரமே வேகம் குறைந்து இறங்கிவிடும். பந்துக்குள் இருக்கும் ரப்பரும் குளிரில் இறுகிப்போவதால் அடித்த வேகத்தில் துள்ளிக் கிளம்பாது. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டிரைவரில் சுமார் 2 யார்டு போகும் என்பது பொதுவான கணக்கு. அக்டோபரில் 30 டிகிரியில் ஆடியவர் ஜனவரியில் 10 டிகிரியில் ஆடினால் ஏழெட்டு யார்டு அப்படியே காணாமல் போகும். இதற்கு மேல் பனியனும் சட்டையும் ஸ்வெட்டரும் அதன்மேல் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு தோளைப் பாதிதான் திருப்புகிறோம். விழுகிற இடமோ ஈரப் புல், பந்து உருளாது. எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு கிளப் (மட்டை) வித்தியாசம். அயர்ன் மட்டைகளில் எண் குறைந்தால் தூரம் கூடும், ஆகவே 7 அயர்ன் எடுக்கும் இடத்தில் 6 அயர்ன் எடுங்கள். அவ்வளவுதான் வைத்தியம், செலவே கிடையாது.

மூடுபனியில் ஈரம் இருப்பதால் காற்று கனத்துப் பந்தை அமுக்குகிறது என்று கடையில் ஒரு விவாதம் அடிக்கடி நடக்கும். நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் இலேசானதுதான். தூரத்தைத் தின்பது குளிர்.

ஆர்.கே. புரத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி, டிசம்பரில் மகள் வீட்டுக்குப் பெங்களூரு போய் அங்கே நன்றாக ஆடிவிட்டு வந்தார். இங்கே வந்து முதல் ரவுண்டு ஆடினதுமே நேராகக் கடைக்கு வந்து, "அயர்ன் எல்லாத்துக்கும் லாஃப்ட் ஒரு டிகிரி குறைச்சுக் குடுங்க" என்றார். லாஃப்ட் என்பது கிளப் முகத்தின் சாய்வு, அதைக் குறைத்தால் பந்து இன்னும் தூரம் போகும். ஆனால் பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர், நம்ம தில்லி 200 மீட்டர் சொச்சம். அங்கே காற்று மெலிசு, பகலில் வெயிலும் இதமாக இருக்கும். அங்கே போன தூரத்தை வைத்து இங்கே கிளப்பை வளைத்தால், வெயில் காலம் வந்ததும் ஒவ்வொரு பந்தும் குழி இருக்கும் கிரீனைத் தாண்டிப் போய் விழும், மறுபடி நிமிர்த்த வேண்டும். வார்ப்பு அயர்னை அடிக்கடி வளைத்தால் கழுத்தில் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பந்து விஷயத்தில் ஒரே ஒரு காரியம் செய்யலாம். இரவு முழுக்கப் பையைக் கார் டிக்கியில் விட்டுவிடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். ஆனால் ஆட்டத்துக்கு நடுவே சட்டைப்பையில் சூடு பொட்டலம் வைத்துப் பந்தை வேண்டுமென்றே சூடாக்குவது விதிப்படி கூடாது. பந்தின் தன்மையை மாற்றியதாகக் கணக்காகும். கை சூட்டுக்குப் பொட்டலம் வைத்துக்கொள்வதில் யாரும் குறை சொல்லப்போவதில்லை, பந்தை மட்டும் வேறு பாக்கெட்டில் போடுங்கள்.

சரி, அப்படியானால் பனிக்காலத்தில் கடைக்கு என்ன வேலை என்றால், கிரிப், அதாவது கிளப்பின் கைப்பிடி ரப்பர். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் 7 அயர்னை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடது கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மினுமினுப்பு தெரிகிறதா? அங்கே வரிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். தில்லி வெயில் காலத்தில் கை வியர்வை, எண்ணெய், தூசி எல்லாம் ரப்பரில் ஊறுகிறது. கார் டிக்கியின் வெப்பம் அதை வேகவைத்துக் கெட்டியாக்குகிறது. மழைக்காலம் வரை எப்படியோ ஓடிவிடும். குளிர் வந்ததும் அந்த ரப்பர் கட்டைபோல் ஆகிறது. கிளப் நழுவுமோ என்று கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். கை இறுகினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் மணிக்கட்டு சுழலாது, கிளப் முகம் திறந்தபடியே பந்தில் படும், பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். "எனக்கு ஸ்லைஸ் திரும்ப வந்துடுச்சு" என்று ஜனவரியில் வருகிறவர்கள் கையிலிருக்கும் கிளப்பைத் தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் கிரிப்பைத் தேயுங்கள். தண்ணீர் கறுப்பாக ஓடும். துண்டால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பாதிப்பேருக்கு இதுவே போதும். தேய்த்த பிறகும் மினுமினுப்பு போகவில்லை, விரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை ஆடுபவர் வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மாற்றுவது எப்படி என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவர்கள் நிறைய. பழைய கிரிப்பைக் கொக்கிக் கத்தியால் நம் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கிழிப்போம். கிராஃபைட் தண்டு என்றால் கத்தி முனை உள்ளே இறங்காமல் மிகவும் கவனமாக. பழைய நாடாவைச் சுரண்டி, புது இரட்டைப்பக்க நாடா ஒட்டி, புது கிரிப்பின் அடி ஓட்டையை பந்தைத் தாங்கும் டீ குச்சி ஒன்றால் அடைத்து, உள்ளே கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, அதையே நாடாமேல் வழியவிட்டு, ஒரே மூச்சில் தள்ளி ஏற்ற வேண்டும். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், இந்தக் குளிரில் ஒரு இரவு முழுக்க விட்டால்தான் நிம்மதி. அதனால்தான் "காலையில் குடுத்து மத்தியானம் வாங்கிக்கறேன்" என்பவர்களுக்கு இப்போது முடியாது என்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். கிரிப்பை எங்களிடமே வாங்கினால் மாற்றுக்கூலி கிடையாது.

அடுத்து, எப்போது ஆடுவது? விடிகாலை ஆறரை மணிக்கே ஆட்டம் தொடங்கும் பழக்கத்தைத் தை முடியும் வரைக்கும் விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் உதிக்கவே ஏழே கால் ஆகிறது, மூடுபனி விலகப் பத்து, பதினொன்று. க்ளப் ஹவுஸில் உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பதுதான் மிச்சம். பன்னிரண்டுக்குத் தொடங்கினால் ஐந்தரை மணிச் சூரியனுக்குள் பதினெட்டுக் குழியும் நெருக்கிப் பிடித்து முடிக்கலாம், இரண்டு மணிக்கு மேல் போனால் ஒன்பது. 20 டிகிரி வெயிலில், காற்று தெளிவாக இருக்கும் ஒரு ஜனவரிப் பிற்பகல்போல கோல்ஃபுக்குத் தில்லியில் வேறு நேரமே இல்லை என்பது எங்கள் கட்சி. தில்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராக வரிசையில் நின்று தலை நரைத்தவர்கள் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். லாடோ சராயில் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானத்தில் உறுப்பினர் அல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஆடலாம், நிமிர்ந்து பார்த்தால் குதுப் மினார் தெரியும்.

காற்று தெளிவாக இருந்தால் என்று சொன்னதைக் கவனியுங்கள். நான்கு மணி நேரம், ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை, அத்தனை நேரமும் மூச்சு வாங்குகிறோம். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் அது 'மிக மோசம்' என்ற வகை. அன்றைக்கு மைதானமும் வேண்டாம், பயிற்சிக்குப் பந்தடிக்கும் டிரைவிங் ரேஞ்சும் வேண்டாம். அறுபது தாண்டியவர்கள், இதயம், ஆஸ்துமா தொல்லை உள்ளவர்கள் 200-க்கு மேலேயே யோசிப்பது நல்லது, டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒன்பது குழிதான் ஆடுகிறோம் என்று பை தூக்கிவரும் கேடியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு ரவுண்டு கணக்கில்தான் வருமானம், மூடுபனி மாதங்களில் பாதி நாள் கேட்டருகே குளிர் காய்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மைதானத்தில் புல் பழுப்பாகக் கிடப்பதைப் பார்த்துப் பராமரிப்பு சரியில்லை என்று திட்டுகிறவர்களுக்கு: பெர்முடா புல் என்பது நம்ம பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல் வகைதான். மண் குளிர்ந்தால் அது செத்துப்போவதில்லை, உறங்கப் போய்விடும். ஆனால் உறங்கும் புல் வளராது, நீங்கள் பெயர்க்கும் புல்கட்டி மார்ச் வரைக்கும் ஆறாது. பெயர்த்ததை மறக்காமல் திரும்ப வைத்து மிதியுங்கள். கிரீன் ஓரத்தில் பந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது பந்தை உயரத் தூக்கும் லாப் வெட்ஜை எடுத்து வித்தை காட்டாமல் 8 அயர்னில் தட்டி உருட்டிவிடுங்கள். காலை ஈரத்தில் வெட்ஜ் முகத்தில் தண்ணீர் இருந்தால் பந்தில் சுழற்சியே ஏறாது, விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். பையில் இரண்டு துண்டு வையுங்கள், ஒன்று நனைந்தாலும் இன்னொன்று கிளப் முகத்துக்கு.

பனித்துளி பற்றிய விதியில் நண்பர்களுக்குள் சண்டையே நடக்கிறது, அதனால் எழுதிவிடுகிறோம். பனித்துளியும் உறைபனியும், பந்தை நகர்த்த விதி இடம் தரும் 'தற்காலிகத் தண்ணீர்' கணக்கில் வராது. ஆகவே "பனி அதிகம், பந்தை நகர்த்திக்கறேன்" என்பது செல்லாது. முதல் அடி அடிக்கும் டீ பகுதியில் பனியைக் காலால் துடைக்கலாம். கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் பாதையில் துடைக்கக்கூடாது. கிரீனில் பந்தைக் குறியிட்டு எடுத்துத் துடைக்கலாம், அதற்குத் தடையில்லை. கட்டையாக வெட்டிய புல்பரப்பான ஃபேர்வேயில் பந்தைத் தூக்கிச் சுத்தம் செய்து வேறு இடத்தில் வைக்கும் 'விண்டர் ரூல்ஸ்' தானாக வருவதில்லை, கிளப் அறிவித்திருந்தால் மட்டும்தான். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் ஏறிவிடுமே என்று பனிக்கால ஸ்கோரைக் கொடுக்காமல் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. கணக்கு கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ஐ வைத்துத்தான். அன்றைய நிலைமை எல்லோருக்கும் கடினமாக இருந்திருந்தால் போதுமான ஸ்கோர்கள் வந்திருக்கும்போது அதற்கான திருத்தமும் தானாகச் சேரும். தைரியமாகக் கொடுங்கள்.

வெளியே போகவே முடியாத நாட்களுக்கு, பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பான பட்டர் இருக்கிறது. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். வீட்டிலிருக்கும் காபி டம்ளர் அதைவிடச் சின்னது. ஜமக்காளத்தை விரித்து, ஏழெட்டு அடி தள்ளி டம்ளரைப் படுக்கவைத்து அதன் வாய்க்குள் பந்தை விடுங்கள். ஒரு மாதம் இப்படிப் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனால் குழி அண்டா அளவுக்குத் தெரியும். பட்டரின் இருபுறமும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு புத்தகங்களை வைத்து, எதிலும் இடிக்காமல் அடித்துப் பார்த்தால் கை எங்கே கோணுகிறது என்று தெரிந்துவிடும். டிடிஏ ஃப்ளாட்டில் மாடியில் இருப்பவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம், மொசைக் தரையில் பந்து விழும் சத்தம் கீழ்வீட்டுக்காரருக்கு எப்படிக் கேட்கும் என்று அவர்களே வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்விசிறிக்குக் கீழே டிரைவரைச் சுழற்றுவது பற்றி நாங்கள் எதுவும் எழுதப்போவதில்லை.

ரேஞ்சுக்குப் போகிறவர்கள் செயற்கைப் புல் பாயில் அடிக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும், நன்றாக அடித்ததுபோலவே இருக்கும். பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு அடியுங்கள், துண்டில் பட்டால் உண்மை தெரிந்துவிடும். ரேஞ்சுப் பந்துகள் அடி வாங்கித் தேய்ந்தவை, அவற்றின் தூரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

கடை நேரம்: மாசி பிறக்கும் வரை காலை 11 முதல் மாலை 7 வரை. பொங்கலன்று விடுமுறை, அன்று எங்களைத் தேடுபவர்கள் மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கலாம். கிரிப் மாற்றக் கொடுப்பவர்கள் மாலை ஐந்துக்குள் கொடுத்தால் மறுநாள் மதியம் தயாராக இருக்கும். கிளப்பைக் கொண்டுவரும்போது தலை உறைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போன வருடத்து உறைகளே ஒரு கூடை நிறைய உரிமையாளர் இல்லாமல் கவுன்டருக்குக் கீழே கிடக்கின்றன. அதில் ஒரு புலித்தலையும் இருக்கிறது, யாருடையது என்று சொன்னால் எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கோல்ஃப் கடையிலிருந்து
முனிர்கா, புது தில்லி