இஸ்ஸி ஹேண்ட்ஸைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு சீரிஸ்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். நாயகன், நாயகி, அப்புறம் எடுத்திருக்கும் விதம், இவற்றோடு பெரும்பாலும் இடம் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் ‘அவர் ஃப்ளாக் மீன்ஸ் டெத்’ தொடரில் வரும் இஸ்ஸி ஹேண்ட்ஸ் என்ற கதாபாத்திரத்தைப் பற்றி நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். 2022 மார்ச்சில் தொடங்கி 2023 அக்டோபரில் இரண்டாவது சீசனோடு நின்றுபோன கடற்கொள்ளையர் கதை அது, மொத்தமே 18 எபிசோட். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பார்படோஸில் வசதியாக வாழ்ந்த ஸ்டீட் பானெட் என்பவன் மனைவி மக்களை விட்டுவிட்டுக் கொள்ளைக்காரனாகக் கடலுக்குப் போகிறான், அங்கே பிளாக்பியர்ட் என்று எல்லோரும் நடுங்கும் எட்வர்ட் டீச்சைச் சந்திக்கிறான், நட்பு காதலாகிறது. இருவருமே 18ஆம் நூற்றாண்டில் நிஜமாக வாழ்ந்தவர்கள். இஸ்ஸியும் அப்படித்தான். பிளாக்பியர்டின் கூட்டத்தில் இஸ்ரேல் ஹேண்ட்ஸ் என்று ஒருவன் இருந்ததாகவும், அவனை பிளாக்பியர்டே முழங்காலில் சுட்டு நொண்டியாக்கியதாகவும் 1724இல் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாறு சொல்கிறது. அந்த ஒரு குண்டிலிருந்து ஒரு முழு மனிதனை உருவாக்கியிருக்கிறார்கள் இந்தத் தொடரை எழுதியவர்கள்.

முதல் சீசனில் இஸ்ஸியை யாருக்கும் பிடிக்காது. கறுப்பு உடை, கடுகடுத்த முகம், வாயைத் திறந்தால் வசவு. பிளாக்பியர்டின் வலதுகை என்பதைத் தவிர அவனுக்கு வேறு அடையாளமே கிடையாது, அதனால் தலைவன் கொஞ்சம் சிரித்தாலும், மெல்லிய பட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்தாலும் இவனுக்குப் பதறுகிறது. ஸ்டீடைப் பிரிப்பதற்காக ஆங்கிலேயர்களோடு கைகோக்கவும் தயங்குவதில்லை. நான் பணி செய்வது பிளாக்பியர்டுக்கு, எட்வர்டுக்கு இல்லை என்று தலைவனின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். சரி, கேட்டது கிடைக்கிறது. பழைய பிளாக்பியர்ட் திரும்பி வந்து செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, இஸ்ஸியின் கால்விரலை வெட்டி அவன் வாயிலேயே திணிப்பது.

இரண்டாவது சீசனில்தான் எனக்கு அவன் யார் என்று புரிய ஆரம்பித்தது. ஸ்டீட் தன்னை விட்டுப் போய்விட்டதால் எட்வர்ட் வெறிபிடித்து அலைகிறான், இஸ்ஸி அடிபட்டுக்கொண்டே விசுவாசமாக நிற்கிறான், ஒரு நாள் கப்பலாட்கள் முன்னால் உடைந்து அழுகிறான். கேலி செய்திருக்க வேண்டியவர்கள், அதாவது இத்தனை நாளும் இவன் புழுவைப் போல நடத்தியவர்கள், சுற்றி உட்கார்ந்து தேற்றுகிறார்கள். எட்வர்ட் அவன் காலில் சுடுகிறான். காலை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றி, தலைவனுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பதும் அதே கூட்டம்தான். அதற்கப்புறமும் அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான், குண்டு உரசிக்கொண்டு போனதால் பிழைக்கிறான். ஒரு நகைச்சுவைத் தொடருக்குள் இதை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பிறகு வருகிற காட்சியை என்னால் மறக்கவே முடியாது. கப்பலின் முகப்பில் ஒற்றைக்கொம்புக் குதிரைச் சிலை ஒன்று உண்டு. அதன் காலை எடுத்து இஸ்ஸிக்கு மரக்கால் செய்து, இனி நீதான் எங்கள் ஒற்றைக்கொம்புக் குதிரை என்கிற மாதிரி ஒரு சீட்டையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் வசனம் பேசுவதில்லை, நன்றியை எதிர்பார்த்து வாசலில் நிற்பதும் இல்லை. தன்னைத் தானே வெறுக்கும் ஒருவனிடம் ‘உன்னை நீ நேசி’ என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பதை இந்தத் தொடர் அறிந்திருக்கிறது. முதலில் மற்றவர்கள் அவனுக்கு ஓர் இடம் கொடுக்கிறார்கள், அந்த இடத்தில் காலூன்றி நிற்க அவன் மெதுவாகப் பழகிக்கொள்கிறான்.

கொண்டாட்ட இரவில் முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டு வந்து பிரெஞ்சுக் காதல் பாட்டு ஒன்றைப் பாடுகிறானே, அது இந்தப் பழக்கத்தின் பலன். திடீரென்று குணம் மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதே கரகரத்த குரல், அதே கூர்மையான நாக்கு. தான் துரத்தித் துரத்தி வெறுத்த ஸ்டீடுக்கே தலைவனாக இருப்பது எப்படி என்று சொல்லித்தரும்போதுகூட திட்டிக்கொண்டேதான் சொல்லித்தருகிறான். விசுவாசமும் அப்படியே இருக்கிறது, முன்பு ஒரு பெயருக்குக் கொடுத்ததை இப்போது ஒரு கப்பல் நிறைய மனிதர்களுக்குக் கொடுக்கிறான், அதில் தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொள்கிறான். நடுவயது தாண்டிய, சிடுசிடுப்பான, அன்பு காட்டத் தெரியாத ஓர் ஆணுக்கு இப்படி ஒரு கதையைக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. இந்த வயதில் இனி என்ன மாறப்போகிறது என்று அவர்களை ஓரமாக உட்காரவைத்துவிடுவதுதான் வழக்கம்.

கடைசி எபிசோடில் அவனைக் கொன்றுவிட்டார்கள். எட்வர்டின் கைகளில், உன் இருட்டுக்கு நானும்தான் தீனி போட்டேன் என்று ஒப்புக்கொண்டு, நீ வெறும் எட்வர்டாகவே இரு என்று சொல்லிவிட்டுச் சாகிறான். இஸ்ஸியாக வரும் கான் ஓநீலின் நடிப்பு அந்த இடத்தில் அபாரம். ஆனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தன்னை ஏற்றுக்கொண்ட பிறகு ஒருவன் சாதாரண நாட்களை எப்படி வாழ்கிறான், காலையில் எழுந்து யாரைத் திட்டுகிறான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். 2024 ஜனவரியில் தொடரையே நிறுத்திவிட்டதால் எஞ்சியவர்களின் கதையும் அங்கேயே நின்றுவிட்டது.

உங்கள் கட்டுரையாளர்களில் யாராவது ஒருவர் இந்தக் கதாபாத்திரத்துக்காக அரைப்பக்கமாவது எழுத வேண்டும். இரண்டு சீசனையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள், முதல் சீசனின் முறைப்பைப் பார்க்காமல் அந்தப் பாட்டின் அருமை தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி